ஏற்காத தொடுதல்கள்

நவம்பர் 18

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான்கு நாளில் எட்டு முறை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றதே தவிர நீங்கள் எடுக்கவில்லை. ஒன்பதாவது முறை அழைக்க எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிப்பீர்கள். அண்ணன் இருந்தபோது அவரும் அப்படித்தான் சுளிப்பார்.

ஆகஸ்டில் நாம் வெளியிட்ட கைபேசி திரும்பி வந்துகொண்டிருக்கிறது. தொழிற்சாலையில் அதைக் 'குட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நூறு குட்டிகள் கடைக்குப் போனால் பதினெட்டு வீடு திரும்புகின்றன. எல்லாப் பெட்டியிலும் ஒரே புகார்: தொட்டால் கேட்பதில்லை.

திரும்பி வந்தவற்றில் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தோம். கண்ணாடியை உடம்போடு ஒட்டும் பசை ஓரங்களில் ஒரே சீராக இல்லை. அந்தப் பிரிவின் மேற்பார்வை யாரென்று உங்களுக்குத் தெரியும். இருபத்து மூன்று வருடமாக நம்மிடம் இருக்கும் பசை அக்கா. தன் வேலையில் குறையில்லை என்கிறாள். ஜனவரியில் விசாரணை.

எனக்கு ஓர் உதவி வேண்டும். குட்டி சந்தைக்குப் போகும் முன் நம் குடும்பத்தில் ஏழு பேரிடம் கொடுத்து வீட்டில் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னோம் இல்லையா? ஏழு அறிக்கைகளில் உங்களுடையதுதான் மிகச் சுத்தமானது. பன்னிரண்டு வாரம், வாரத்துக்குப் பதினான்கு கேள்வி, எல்லாவற்றுக்கும் 'ஆம்'. 'நான் பயன்படுத்திய கருவியின் திரை எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது' என்று ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு அனுப்புங்கள். பெருமளவில் தயாரிக்கும் முன் பொருள் நன்றாக இருந்தது, ஒட்டுமிடத்தில்தான் கெட்டது என்று அதை வைத்துக் காட்டிவிடலாம்.

பசையின் தவறென்றால் ஒரு தொகுதியோடு போயிற்று என்று கடைக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பொருளே தவறென்றால் அலமாரியிலிருந்து நம்மை இறக்கிவிடுவார்கள். நம் கம்ப்யூட்டர் பெட்டிகளை இப்போது யார் வாங்குகிறார்கள்? எல்லாருக்கும் எல்லாமே உள்ளங்கையில் வேண்டியிருக்கிறது. குட்டி நின்றால்தான் நாமும் நிற்போம். பசை அக்காவை வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்கும். வேறு வழி தெரியவில்லை.

உங்கள்
தம்பி

நவம்பர் 25

தம்பிக்கு,

உங்கள் கடிதமும் இணைப்பும் கிடைத்தன.

வாக்குமூலத்தில் 'எந்தக் குறையும் இல்லாமல்' என்பது ஒரே பத்தியில் மூன்று முறை வருகிறது. உண்மையைச் சொல்ல ஒரு முறை போதும். உங்கள் அண்ணன் காலத்தில் இப்படிப்பட்ட காகிதம் என் மேசையைத் தாண்டி வெளியே போயிருக்காது. நான் எழுதிய கம்ப்யூட்டர் கையேட்டில் ஒரு காற்புள்ளி இடம் மாறியதற்காக ஆயிரம் பிரதிகளை அச்சகத்துக்கே திருப்பி அனுப்பியவள் நான்.

அந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கீபோர்டில் எழுத்துப் பொத்தான்களைப் பொருத்த ஆள் தேடிக்கொண்டிருந்தோம். உங்கள் அண்ணன் அவளிடம் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. ஒரு பலகையைக் கொடுத்தார். நூற்று நான்கு பொத்தான்களையும் கீழே ஒன்றுகூட விழாமல் பொருத்திவிட்டு, "வேற பலகை இருக்கா சார்?" என்றாள். அப்படிப்பட்டவள் பசையைச் சீரில்லாமல் தடவினாள் என்று நீங்கள் சொல்லும்போது, இன்னொரு முறை யோசித்திருக்கலாம்.

என் அறிக்கைகள் உங்களிடம் இருக்கின்றன. கையெழுத்தும் அவற்றில் இருக்கிறது. இன்னொன்று எதற்கு? இதில் என்னை இழுக்க வேண்டாம்.

அழைப்புகளை எடுக்காததற்கு ரோஷப்படத் தேவையில்லை. எனக்கு ஓய்வு வேண்டியிருந்தது.

அண்ணி

டிசம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

ஓய்வா? காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் எட்டு முறையுமா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் கைபேசி செய்யத் தொடங்கிய நாளிலிருந்தே உங்களுக்கு என்மேல் வருத்தம். அண்ணன் கட்டிய கம்ப்யூட்டர் கம்பெனியை நான் பொம்மைக் கடையாக்கிவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். நேரில் சொல்லவில்லை. குட்டியை உங்கள் கையில் கொடுத்த அன்று அதைப் பிடித்த விதத்திலேயே சொல்லிவிட்டீர்கள், யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பிடிப்பதுபோல.

இங்கே என் நிலைமையைக் கேளுங்கள். நான் நடந்து வந்தால் மேசை இழுப்பறைகள் வரிசையாக மூடும் சத்தம் கேட்கிறது. எல்லாவற்றுக்குள்ளும் வேறு கம்பெனி போன். வாசல் காவலாளியிடம் கேட்டேன், "உன் குட்டி எங்கப்பா?" "வீட்ல சார்ஜ்ல இருக்குங்க ஐயா." மூன்று மாதமாக அது சார்ஜில்தான் இருக்கிறது. என் மனைவிகூட என் அழைப்பை வேறு போனில்தான் எடுக்கிறாள். நான் அதைக் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

பெரிய கடைக்காரர்கள் அடுத்த மாதம் வரைதான் பொறுப்பார்கள். அதற்குள் காரணத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். ஏழு பேரில் ஆறு பேர் கையெழுத்திட்டுவிட்டார்கள். நீங்கள் மட்டும் மறுத்தால் விசாரணையில் முதல் கேள்வியே அதுதான்: 'வீட்டுப் பெரியவங்களே ஏன் போடல?'

மரியாதைக்குறைவாகத் தோன்றினால் மன்னியுங்கள், ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. நீங்கள் எழுதிய அறிக்கை உண்மைதானே அண்ணி? உண்மையென்றால் அதன் கீழ் இன்னொரு முறை பெயர் எழுத என்ன தயக்கம்?

தம்பி

டிசம்பர் 7

தம்பிக்கு,

என் எழுத்தை உண்மையா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. உங்கள் அண்ணன் கேட்டதில்லை. பள்ளியில் என்னைப் படிப்பித்த சிஸ்டர்கள் கேட்டதில்லை.

கையெழுத்திட்ட வாக்குமூலம் இத்துடன் இருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த சொற்களை அடித்துவிட்டேன்.

இனி இது குறித்து எழுத வேண்டாம்.

அண்ணி

டிசம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். நன்றி சொல்லாமல் இருப்பது முறையல்ல என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் வாக்குமூலம் திங்கட்கிழமை வந்தது. அன்றே பசை அக்காவைக் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னேன். சத்தம் போடுவாள், சங்கத்தைக் கூப்பிடுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் ஏழு காகிதத்தையும் வாங்கிப் பார்த்தாள். மற்ற ஆறையும் புரட்டிவிட்டு உங்களுடையதில் நின்றாள்.

"இது பெரியம்மா கையெழுத்து."

"ஆமா."

"அவங்களே நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்களா?"

"மூணு மாசம் வச்சுப் பார்த்தவங்க."

 தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். "அப்ப என் கையிலதான் ஏதோ கோளாறு போல சார். அவங்க பொய் எழுத மாட்டாங்க."

மேலங்கியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மடிப்புகூடச் சீராக இருந்தது.

விசாரணை ஜனவரி ஒன்பது. இனி சிக்கல் இருக்காது.

தம்பி

டிசம்பர் 19

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் சேர்த்துவிடுவேன்.

நான் பொய் எழுதினேன்.

நீங்கள் கொடுத்த கைபேசி முதல் நாளிலிருந்தே என் விரலுக்குக் கேட்கவில்லை. தட்டினேன், தடவினேன், அழுத்தினேன். கண்ணாடியைத் துடைத்தேன். விரலையும் மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்தேன். பத்து முறைக்கு ஒரு முறை திறக்கும். வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் தட்டு" என்றேன். ஈரக்கையைப் புடவையில் பாதி துடைத்துவிட்டு ஒரே தட்டில் திறந்தாள். "என்னம்மா, உங்களைப் பிடிக்கலயா இதுக்கு?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அவள் விரலுக்குத் திறக்கிறது, என்னுடையதற்கு இல்லை. ஆகவே கருவி சரி, கெட்டது நான். எழுபத்து நான்கு வயதாகிவிட்டது; கண் போயிற்று, முட்டி போயிற்று, இப்போது விரலும் போயிற்று என்று எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் செய்தவரின் மனைவி, அதற்குக் கையேடு எழுதியவள், ஒரு போனைத் திறக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று உங்களிடம் எழுதுவதா? உங்கள் அலுவலகத்தில் சின்னப் பிள்ளைகள் அதைக் கையில் வைத்துப் படிப்பதா? அந்தப் படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் என் பேனா இறங்கவில்லை. சனிக்கிழமைதோறும் பதினான்கு 'ஆம்'. எல்லாம் நேர்க்கோட்டில்.

உங்கள் எட்டு அழைப்புகளையும் நான் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் எழுந்து போனேன். திரையில் உங்கள் பெயர் வந்தது. பச்சை வட்டத்தை இழுத்தேன், அது வரவில்லை. மணி நின்ற பிறகும் இழுத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கைபேசி வந்ததும் பழைய வீட்டு இணைப்பை நானே வேண்டாமென்று எடுத்துவிட்டிருந்தேன், அதையும் பெருமைக்காகத்தான். நான் கோபமாக இருக்கிறேன் என்று நீங்கள் எழுதியபோது எனக்குத் துக்கம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. இவளுக்குக் கோபம் என்று நீங்கள் நினைப்பது, இவளால் முடியவில்லை என்று நினைப்பதைவிடக் கௌரவமாக இருந்தது. அதனால்தான் அதை மறுக்கவில்லை.

உண்மையா என்று நீங்கள் கேட்ட கடிதம் வந்த அன்று சொல்லியிருக்கலாம். கேட்டுவிட்டாரே என்ற ஆத்திரத்தில் கையெழுத்திட்டேன். ஒரு பெண்ணின் வேலை போகும் என்று தெரிந்தே இட்டேன். அதுவரை நடந்ததைப் பலவீனம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த மூன்று மாதமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

வாக்குமூலத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

அண்ணி

டிசம்பர் 23

அண்ணி,

உங்கள் கடிதத்தை அலுவலகக் கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன். நீங்கள் அதை எழுதியிருக்க வேண்டியதில்லை. எனக்கு முன்பே தெரியும்.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. குட்டி தன்மேல் பட்ட ஒவ்வொரு தொடுதலையும் உள்ளே குறித்து வைத்துக்கொள்ளும். ஏற்றது எத்தனை, ஏற்காதது எத்தனை என்று. மே மாதம் கணக்கெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க ஏழு போன்களையும் வரவழைத்தபோது சோதனைப் பிரிவுப் பெண் ஒரு தாளோடு வந்தாள். "சார், ஆறு போன்ல ஏற்காத தொடுதல் நூறு, நூற்றைம்பதுதான். இந்த ஒண்ணுல மட்டும் ஆறாயிரத்து இருநூத்தி பதினெட்டு."

மற்ற ஆறும் நம் வீட்டு இளசுகள் கையில் இருந்தவை. அது உங்களுடையது.

எனக்கு உடனே என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ, அண்ணிக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, நம்மிடம் மறைக்கிறார்கள் என்று. அந்தப் பெண்ணிடம், "அது எங்க அண்ணியோடது. வயசாயிடுச்சு. இதை யாருக்கும் காட்டாத, கணக்குல சேர்க்காத" என்றேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். எங்களிடம் இருந்த ஒரே உண்மையான அறிக்கை அதுதான். அதை நானே இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. புகார் எழுதியவர்கள் யாரென்று பார்த்தேன். வயதானவர்கள், சிமெண்டு கலப்பவர்கள், நாளெல்லாம் காகிதம் எண்ணுபவர்கள். எல்லாம் காய்ந்த கைகள். காய்ந்த விரல் தொடுவது திரைக்கு லேசாகத்தான் தெரியும். லேசான தொடுதலைத் திரை தள்ளிவிட வேண்டும் என்று அமைக்கச் சொன்னது நான்தான். அண்ணனின் கீபோர்டு அப்படித்தானே? தெரியாமல் கை பட்டால் எழுத்து விழாது, உறுதியாக அழுத்தினால்தான் விழும். வங்கிக்காரர்கள் அதற்காகவே நம்மிடம் வாங்கினார்கள். நம் வீட்டுப் பெருமையை அப்படியே கண்ணாடிமேல் வைத்தேன். உள்ளங்கையில் வைத்திருக்கும் பொருளை யாரும் அப்படி அழுத்துவதில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. மேசைமேல் வைத்த பொருளைத்தான் எனக்குத் தெரியும்.

பசை சீராக இல்லை என்பது உண்மை. திரும்பி வராத போன்களிலும் அது அப்படித்தான் இருக்கிறது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் கையெழுத்துக் கேட்டேன்.

நான் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். உங்கள் பெயர் வெளியே வர வேண்டாம். விசாரணையை ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுகிறேன். பசை அக்காவை இரண்டு மாதம் கழித்து வேறு பிரிவில் சேர்த்துவிடலாம். நமக்குள் இருக்கட்டும்.

தம்பி

டிசம்பர் 28

தம்பிக்கு,

நமக்குள் இருக்க வேண்டாம். இதுவரை நமக்குள் இருந்ததால்தான் இவ்வளவும்.

உங்கள் அண்ணனின் கீபோர்டு விதி என்று எழுதியிருக்கிறீர்கள். விதி அவருடையது, வாக்கியம் என்னுடையது. முதல் கையேட்டின் ஆறாம் பக்கத்தில் நான் எழுதினேன்: 'உறுதியின்றித் தொட்டதை இயந்திரம் பொருட்படுத்தாது.' எழுதிவிட்டு அதை அழகான வாக்கியம் என்று பலரிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

தவறு செய்தால் உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாது, எழுந்து நின்று வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். நான் படித்த பதினோரு வருடத்தில் ஒரு முறைகூட எனக்கு அப்படி நிற்க நேரவில்லை. மற்றவர்கள் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பார்த்த விதம் இப்போது ஞாபகம் வருகிறது. நல்ல விதமாக இல்லை.

ஒன்பதாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். கடைக்காரர்களின் ஆட்களும் இருக்கட்டும். பசைப் பிரிவில் உள்ள எல்லாரும் இருக்கட்டும். நான் கொண்டுவரும் என் குட்டியே மேசைமேல் இருக்கும், மாற்றம் எதுவும் செய்யாதது. உங்கள் போன் உங்கள் பையில் இருக்க வேண்டும். நான் எல்லார் முன்னிலும் உங்களை அழைப்பேன். மணி அடிக்காது. அடிக்காததை அவர்கள் கேட்கட்டும்.

அந்தத் தாளை இழுப்பறையிலிருந்து எடுத்து வையுங்கள். அதைப் படிக்க வேண்டியது நீங்கள்.

அண்ணி

ஜனவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியாக வீடு சேர்ந்திருப்பீர்கள். ரயிலில் ஏற்றிவிட வந்தபோது தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்ததோடு திரும்பிவிட்டேன். அன்று நடந்ததை எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

நீங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றீர்கள். 'நான் எழுதிய நூற்று அறுபத்தெட்டு விடைகளும் பொய்' என்று சொல்லிவிட்டு விரலைத் திரையில் வைத்தீர்கள். எண்ணினேன். பதினொரு முறை. அந்த அறையில் நாற்பது பேர். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். உங்கள் காதிலும் விழுந்தது. தோள் அசைந்ததை நான் பார்த்தேன். பன்னிரண்டாவது முறையும் தொட்டீர்கள்.

நான் எழுந்து வந்திருக்க வேண்டும். எழுந்து வந்தது பசை அக்கா. தண்ணீர்த் தம்ளரில் முந்தானை நுனியை நனைத்து, உங்கள் விரலைப் பிடித்துத் துடைத்துவிட்டாள். "இப்பத் தட்டுங்க பெரியம்மா."

என் பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தேன், 'அண்ணி' என்று இருந்தது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என்னால் எடுக்க முடியவில்லை. என் விரலில் ஒரு குறையும் இல்லை.

அது தானாக நின்ற பிறகுதான் தாளைப் படித்தேன். அவள் கடைசி வரி வரை கேட்டுவிட்டு, உங்களிடம்தான் கேட்டாள், என்னிடம் அல்ல: "ஒரு மாசமா என் கையைத்தான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"  என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

கடைக்காரர்கள் குட்டியை இறக்கிவிட்டார்கள். பசை அக்கா திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டாள். மடித்து வைத்திருந்த மேலங்கியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். திரையின் அமைப்பை மாற்றிவிட்டோம். மாற்றியதில் முதல் போனை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன், படிவங்களோடு. இந்த முறை உள்ளபடி எழுதுங்கள். யார் வாங்கப்போகிறார்கள் என்று தெரியாது. ஆனாலும் எழுதுங்கள்.

தம்பி

பிப்ரவரி 3

தம்பிக்கு,

முதல் வாரப் படிவம் இத்துடன் இருக்கிறது. பதினொன்று 'ஆம்', மூன்று 'இல்லை'. எழுத்துகள் சிறியவை, ஒலி குறைவு, பெட்டியைத் திறக்கக் கத்தி தேவைப்படுகிறது. 'இல்லை' என்ற கட்டத்தில் முதல் முறை எழுதியதால் மை கொஞ்சம் இழுத்துவிட்டது; பொறுத்துக்கொள்ளவும்.

பசைப் பிரிவில் அவளுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. எதிர்பார்க்கவும் கூடாது. நீங்களும் அவளிடம் கேட்க வேண்டாம்.

நேற்று மாலை ஐந்து மணிக்கு நீங்கள் அழைத்தீர்கள். காய்ந்த விரல்தான். ஒரே தொடுதலில் எடுத்துவிட்டது. உங்கள் குரல் "அண்ணி" என்றது. எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. சிவப்பு வட்டத்தைத் தொட்டு வைத்துவிட்டேன். அதுவும் ஒரே தொடுதலில் கேட்டது.

இது கருவியின் குறை அல்ல. படிவத்தில் சேர்க்கவில்லை.

நாளை ஐந்து மணிக்கு இன்னொரு முறை அழையுங்கள்.

அண்ணி